எழுந்த பிறகு வரும் பேச்சு

தாலுகா கச்சேரியில் நாங்கள் யாரும் பேசிக்கொள்ள மாட்டோம், எழுதிக்கொள்வோம். சண்டை என்று நினைக்க வேண்டாம். அதுதான் முறை. என் மேசைக்கும் பக்கத்து குமாஸ்தாவின் மேசைக்கும் நடுவே ஒரு பூனை படுத்தால் அதன் வால் ஏதாவது ஒரு மேசைக்காலில் இடிக்கும். அவ்வளவுதான் தூரம். ஆனாலும் ஒரு பைல் அவரிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால், துண்டுத் தாளில் இங்கிலீஷில் விசாரித்து எழுதி டவாலியிடம் கொடுப்பேன். டவாலி அதை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய், வெற்றிலை போட்டு முடித்து, திரும்பி வந்து பக்கத்து மேசையில் வைப்பான். அந்த குமாஸ்தா அதே பைலின் மேல் முழங்கையை ஊன்றியபடி, “கோரிய பைல் இப்பிரிவில் உள்ளது” என்று பதில் எழுதுவார். மறுபடியும் டவாலி. மறுபடியும் வெற்றிலை. சர்க்கார் நடந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது என் மருமகன் வேலை பார்க்கும் கம்பெனியில், ஊழியர்களுக்குப் பேசக் கற்றுத்தர ஒருவரை வரவழைக்கிறார்களாம். விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், பேச்சு முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததை மருமகன் எனக்கு ஒப்பித்துக் காட்டினார். எல்லாம் நல்ல விதிகள்தான். விதிகள் என்றால் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு. இவற்றை நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலேயே ஒன்று விடாமல் கடைப்பிடித்திருக்கிறேன். அதன் பலனாக ஒரு வாய்க்கால் தூர்ந்து கிடந்ததையும், என் உத்தியோகம் ஏறக்குறைய அதே வாய்க்காலில் போகவிருந்ததையும் மருமகனிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆகவே எழுதிவிடுகிறேன்.

நான் சேலம் டவுனில் பிறந்தவன். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. திருச்சியில் பி.ஏ. படித்துவிட்டு திருச்செங்கோடு தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ரெவின்யூ போர்டின் நிலையான உத்தரவுகளில் எது எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று கேட்டால், புஸ்தகத்தைத் திறக்காமல் சொல்வேன். டிராப்டு எழுதுவதில் எனக்கு நிகர் அந்த தாலுகாவில் இல்லை. என் வாக்கியம் ஒன்று இரண்டாம் பக்கத்திலும் முடியாமல் ஓடும், ஆனால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க ஒரு வக்கீலாலும் முடியாது. இந்தத் திறமைக்குப் பரிசாக என்னை மல்லசமுத்திரம் பிர்காவுக்கு ஆக்டிங் ரெவின்யூ இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க் கணக்குப் பார்க்கும் வேலை. அந்த வேலையில் பேசவும் வேண்டியிருக்கும் என்பதை உத்தரவில் எவரும் குறிப்பிடவில்லை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கேள்வி கேட்க ஆள் வரும். ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் முதலில் மேலூர் வயல்களுக்குப் பாய்ந்து, பிறகு கீழூர் ஏரியில் விழும். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் வீட்டுக்கு ஒரு ஆளாக மண்வெட்டியும் கூடையுமாக வந்து அந்த வாய்க்காலைத் தூர் எடுப்பார்கள். குடிமராமத்து என்று பெயர். நான் போவதற்கு முந்தின வருஷம் அது நடக்கவில்லை. ஏன் என்று பைலில் இல்லை. பைலில் இல்லாத காரணம் உலகத்திலேயே இல்லை என்பது எங்கள் கச்சேரியின் சித்தாந்தம்.

எனவே நோட்டீஸ் ஒன்று தயாரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ‘இதனால் மேற்படி கிராமங்களின் சகல குடிகளுக்கும்’ என்று ஆரம்பித்து, முற்றுப்புள்ளி வருவதற்குள் படிப்பவருக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். இரண்டு ஊரிலும் ஒட்டச் செய்தேன். தண்டோரா போடச் செய்தேன். பிறகு இரண்டு ஊருக்கும் பொதுவான சாவடியில் கூட்டம் போட்டேன்.

மேலூர்க்காரர்கள் ஒரு பக்கம், கீழூர்க்காரர்கள் ஒரு பக்கம். நடுவே மணியக்காரர், அதாவது அந்த வட்டாரத்தில் கிராம முன்சீப்பைச் சொல்லும் பெயர். காலேஜில் எங்களுக்கு மேடைப் பேச்சு சொல்லிக்கொடுத்த பாதிரியார், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையைச் சற்றே முன்னால் நீட்டி நிற்க வேண்டும் என்பார். அப்படியே நின்றேன். விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தேன். அவர்கள் என் வலது கையைப் பார்த்தார்கள். அதில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

“யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டேன்.

ஒரு வெள்ளாடு தும்மியது.

நிலையான உத்தரவுகளின்படி, கேட்ட இடத்தில் கேட்ட நேரத்தில் ஆட்சேபணை வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று பொருள். அப்படியே எழுதிக்கொண்டேன். சைக்கிளில் ஏறினேன். அவர்கள் எழுந்து நிற்பதற்குள் நான் புளியமரத்து வளைவைத் தாண்டிவிட்டேன். சோறு கொதிக்கிற நேரத்துக்குள் ஒரு கூட்டத்தை முடித்தவன் அந்தப் பிர்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குறித்த நாள் விடியற்காலையில், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்புக்குப் போனேன். அங்கே நானும் மணியக்காரரும் ஒரு கொக்கும் இருந்தோம்.

“ஆளுக வந்துருவாங்க சாமி,” என்றார் மணியக்காரர்.

வெகுநேரம் கழித்து, “வெயிலு ஏறிருச்சுங்க சாமி,” என்றார்.

அதற்குப் பிறகு கொக்கும் போய்விட்டது.

திருச்செங்கோட்டில் தாசில்தார் என் ரிப்போர்ட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். மூக்குப்பொடி போடாமல் கோபப்பட மாட்டார். அன்றைக்குப் பொடி மட்டையைத் தட்டித் திறந்ததைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

“ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருக்கீர்.”

“ஆமாம் சார்.”

“ஆளும் இல்லை.”

“ஆமாம் சார். மறுபடியும் ஒரு நோட்டீஸ்...”

“ஓய், உம்ம நோட்டீஸ் பிரமாதம். கலெக்டரே மெச்சுவார். ஆனா நீர் வாயைத் திறந்தா, எதிர்ல இருக்கறவனுக்கு சம்மன் வாங்கின மாதிரின்னா இருக்கு? அந்த ஊர்க்காரனோட நீர் பேசினதே இல்லை. வாசிச்சிருக்கீர்.” பொடியை இழுத்தார். “ஐப்பசி மழைக்குள்ள வாய்க்கால் வெட்டியாகணும். இல்லேன்னா உம்மைத் திரும்ப ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பிடறேன். அங்கே கரையான் தவிர ஒருத்தரும் பேச வரமாட்டா. உமக்கும் சௌகரியம்.”

ரிக்கார்டு ரூம் என்பது ஜன்னல் இல்லாத அறை. அங்கே போனவர்கள் அங்கேயே பென்ஷன் வாங்கினார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் வீட்டில் இருந்தது. மல்லசமுத்திரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறம் என் மனைவி ஆடியில் அவரை விதை போட்டிருந்தாள். அவள் எடப்பாடிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு இரண்டு ஊர் மாறி, இரண்டு ஊரிலும் அவரைக் கொடி பூ எடுக்கும் சமயத்தில் மூட்டை கட்டியவள். விஷயத்தைக் கேட்டதும் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“இந்தத் தடவ காய் பறிக்காம நான் நகர மாட்டனுங்க. நீங்க வேணும்னா ரிக்காட்டு ரூமுக்குப் போங்க. சோறு கட்டி அனுப்பறேன்.”

“நான் என்ன செய்யட்டும்? எனக்குப் பேச வரவில்லை என்கிறார் தாசில்தார்.”

“என்னோட பேசறீங்களே.”

“உன்னோடு பேசுவது வேறு.”

“ஆமாங்க. நேத்திக்கி உப்பு கம்மின்னு சொல்றதுக்கு, ‘சாம்பாரைப் பொறுத்தவரையில்’னு ஆரம்பிச்சீங்க.”

அப்படிச் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் சொல்லக்கூடியவன்தான்.

சரி, பயிற்சி செய்வதென்று தீர்மானித்தேன். வீட்டில் செய்தால் அவள் சிரிப்பாள். கச்சேரியில் செய்தால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். மல்லசமுத்திரத்திலிருந்து கீழூர் போகும் வண்டிப் பாதையில் பனைமரங்கள் வரிசையாக நிற்கும். காலையில் ஈ காக்கை இருக்காது. சைக்கிளை நிறுத்திவிட்டு, பனைகளை மேலூர் என்றும் கீழூர் என்றும் பிரித்துக்கொண்டு, கையை நீட்டிப் பேச ஆரம்பித்தேன். தாசில்தார் சொன்னதை மனதில் வைத்து வாசிக்காமல், மனப்பாடமாகவே பேசினேன். குரலும் நன்றாக எழும்பியது.

“உங்களுக்கு இதுவே கடைசி எச்சரிக்கை! உடனடியாக முன்வராவிட்டால் சட்டப்படி மேல்நடவடிக்கை எடுக்கப்படும்!”

“வந்துட்டனுங்க! எறங்கி வந்துட்டனுங்க சாமி!” என்று ஒரு குரல் ஆகாயத்திலிருந்து வந்தது.

மதுவிலக்கு வருவதற்கு முந்தின காலம் அது. கள் இறக்கும் மரத்துக்கெல்லாம் சர்க்கார் நம்பர் போட்டிருப்பார்கள். நம்பர் இல்லாத மரத்தில் ஏறினால் கேஸ். மரமேறி ஒருவர் இடுப்பில் பாளைக்கத்தி ஆட, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு சரசரவென்று இறங்கி, கை கூப்பி நின்றார்.

“மரத்துக்கு நம்பரு இருக்குதுங்க சாமி. அந்தப் பொறத்தால இருக்குதுங்க. நீங்க நிக்கற பக்கம் தெரியாதுங்க.”

“நான் கள்ளுக் கச்சேரி ஆள் இல்லை. ரெவின்யூ.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். என்னைத் தவிர யாரும் இல்லை.

“அப்ப யாரைங்க சாமி கடைசித் தடவையா எச்சரிச்சீங்க?”

பனைமரத்தை என்று ஒரு பி.ஏ. எப்படிச் சொல்வது? “இது ஒரு பயிற்சி,” என்றேன்.

“நல்லா இருந்துச்சுங்க. கால் நடுங்கிப் போச்சுங்க,” என்றார் அவர் மனப்பூர்வமாக. முதன்முதலாக என் பேச்சு ஒருவரை அசைத்திருந்தது. அசைந்தது வேறு இலாகாவின் குடிதான் என்றாலும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அந்த உற்சாகத்தோடு இரண்டாவது கூட்டம். அதே சாவடி, அதே வெள்ளாடு. எச்சரிக்கையைக் கொஞ்சம் குறைத்து, வேண்டுகோளைக் கொஞ்சம் கூட்டிப் பேசினேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். மறுபடியும் வெள்ளாடுதான் தும்மியது. கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டுச் சைக்கிளைப் பிடித்தேன். பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. கருவேல முள்.

பஞ்சர் ஒட்டும் சாமான் எப்போதும் என் பையில் இருக்கும். மணியக்காரர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். நான் கோட்டைக் கழற்றி, சட்டையை மடித்துவிட்டு, சாவடிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து டியூபை வெளியே எடுத்தேன். கூட்டமும் எழுந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் யாரும் போகவில்லை. கிளம்பும் பாவனையில் நின்றுகொண்டே, மெல்ல என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். ரப்பரை அரத்தால் தேய்ப்பதை எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். என் மேடைப் பேச்சுக்கு அந்தக் கவனத்தில் கால்வாசி கிடைக்கவில்லை.

“ஏனுங்க, இது காஞ்சாத்தான் ஒட்டுங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஆமாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும்,” என்றேன்.

“பொறுக்கோணுமுங்க. எதுக்கும் பொறுக்கோணும்.” அவர் மேலூர்க்காரர். குரலை உயர்த்தாமல், யாரிடமும் என்றில்லாமல், தாம்பாளத்துத் தண்ணீரிடம் சொல்வது போலச் சொன்னார்: “வாய்க்காலுக்கு ஆள் வரோணும்னா, வாங்கன்னு ஒரு மனுசன் வந்து கூப்படோணும். தலையாரிய அனுப்பிச்சா? தலையாரிய அனுப்பறது கந்தாய வரி கட்டச் சொல்றதுக்குங்க.”

“துக்க வருசத்துல எங்க கவுண்டரு எப்படி மாமா வெத்தல பாக்கோட வருவாரு?” என்று கீழூர்ப் பக்கமிருந்து ஒரு குரல். “அப்பன் செத்து வருசம் திரும்பல. அதனாலதான் ஆள் உட்டாரு.”

“அவரு வரலீன்னா பங்காளி ஒருத்தன் வாரது. கீழூர்ல பங்காளிக்கா பஞ்சம்?”

“சரி, அத உடு. இந்த வருசம்?”

“இந்த வருசம் செவுத்துல ஒட்டுனாங்களே நோட்டீசு. செவுத்துல ஒட்டிக் கூப்பிட்டா கருமாதிக்குக்கூட யாரும் போவ மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நோட்டீஸை எழுதியவன் அவர்கள் கால்களுக்கு நடுவே குந்தியிருப்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கோட்டு இல்லாமல், கையில் ரப்பர் பசையோடு, முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவன் அந்த நேரத்துக்கு சர்க்கார் இல்லை.

இப்படியாக முழுச் சங்கதியும் வந்தது. மழைக்கு முன்னால் கீழூர் ஊர்க்கவுண்டர் வெற்றிலை பாக்கோடு மேலூர் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய் வாங்க என்று கூப்பிட வேண்டும். மேலூரார் வாய்க்கால் தலைப்பில் முதல் மண் வெட்ட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களின் மண்வெட்டி. முந்தின வருஷம் கீழூர்க்கவுண்டர் அப்பாவின் துக்கத்தில் இருந்ததால் தலையாரியை அனுப்பினார். மேலூராருக்கு அது அவமானம். இந்த வருஷம் துக்கம் முடிந்துவிட்டது. ஆனால், ஆள் அனுப்பியும் வராதவர் வீட்டுக்கு இனி நான் ஏன் போக வேண்டும் என்று கீழூரார். இதைக் கூட்டத்தில் எழுந்து ஆட்சேபணையாகச் சொல்ல முடியுமா? ‘என்னை யாரும் கூப்பிடவில்லை’ என்று சபையில் எந்தப் பெரிய மனிதன் சொல்லுவான்?

டியூப் எப்போதோ ஒட்டிவிட்டது. நான் அதைத் தண்ணீரில் முக்கி முக்கி, இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டேயிருந்தேன்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். யோசனைக்கு அது வசதி. அந்த வட்டாரத்து ஜனங்கள் என்னோடு பேசிய பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பட்டா மாறுதலுக்கு வந்தவர் மழையைப் பற்றிப் பேசினார், எருமையைப் பற்றிப் பேசினார், ‘விஷயத்தைச் சொல்லும்’ என்று அதட்டியதும் ‘ஒண்ணுமில்லீங்க’ என்று எழுந்தார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ ஆரம்பித்தார். நான் அடுத்த பைலைத் திறந்துவிட்டேன். எல்லோருமே அப்படித்தான். விஷயம் எப்போதும் எழுந்த பிறகுதான் வருகிறது. மாதா கோயிலில் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்திலேகூட நான் ஜெபம் மறந்தது, பொறாமைப்பட்டது எல்லாவற்றையும் முதலில் வரிசையாகச் சொல்லிவிட்டு, கனமானதைச் சாமியார் ஆசீர்வதிக்கக் கை தூக்கும் சமயத்தில்தானே அவசரமாகச் சொல்லுவேன்!

ஆக, இவர்களுக்குப் பேச்சில் ஒழுங்கு இல்லை என்று நான் நினைத்திருந்தது தப்பு. பக்காவான நடைமுறை இருந்தது. முதலில் மழை, பிறகு மாடு, பிறகு குடும்பம், பிறகு மோர், பிறகு எழுந்திருத்தல், பிறகு விஷயம். நான் ஒவ்வொரு தடவையும் ஐந்து கட்டங்களைத் தாண்டிக் குதித்து ஆறாவதில் நின்றுகொண்டு, ஆள் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நடைமுறை என்று தெரிந்துவிட்டால் பிறகு எனக்கென்ன கஷ்டம்? அதுதானே என் தொழில்.

மறுநாள் கீழூர் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். மழையைப் பற்றி விசாரித்தேன். அவருக்கு ஆச்சரியம். மாட்டைப் பற்றி விசாரித்தேன். அவருக்குச் சந்தேகம். மோர் குடித்தேன். எழுந்தேன். வாசற்படி தாண்டி, சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு, “அப்படியே மேலூர்க்கவுண்டரையும் ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். எனக்கு வழி சரியாகத் தெரியாது. நீங்கள் கூட வந்தால் நன்றாக இருக்கும்,” என்றேன்.

மேலூர் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். அந்த வழியில் நான் வாரம் தவறாமல் போய்வருவது ஊர் நாய்களுக்கெல்லாம் தெரியும்.

அவர் என்னையே பார்த்தார். “நானாப் போனா எறங்கிப் போன மாதிரி ஆயிருமுங்க.”

“நீங்கள் எங்கே போகிறீர்கள்? போகிறது நான். நீங்கள் வழிதான் காட்டுகிறீர்கள்.”

மேலூரின் தென்னைகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “இருங்க, துண்டு எடுத்துட்டு வாரேன்,” என்று உள்ளே போனார். வரும்போது மடியில் வெற்றிலை பாக்கு புடைத்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

மேலூர்க்கவுண்டர் பெரியவர். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டில் மேல் ஜமக்காளம் வந்தது. மழை ஆரம்பமாயிற்று. நான் போதுமான அளவு மழை பேசினேன். அப்புறம் மாடு. அங்கேதான் ஆபத்து வந்தது. கீழூராரின் புதுக் காளைக்கு நெற்றிச் சுழி சரியில்லை என்று பெரியவர் சொல்ல, “உங்க கண்ணுக்குச் சுழி மட்டுந்தான் மாமா தெரியும், மாடு தெரியாது,” என்று அவர் திருப்ப, எனக்கு ரிக்கார்டு ரூமின் வாசனையே மூக்கில் அடித்தது. மேடைப் பேச்சுக்காரனாக இருந்திருந்தால் அப்போது குறுக்கே விழுந்து விஷயத்தைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சுழி பற்றி எனக்குச் சில சந்தேகங்கள் இருப்பதாகச் சொன்னேன். இருவரும் சேர்ந்துகொண்டு எனக்கு விளக்க ஆரம்பித்தார்கள். என் அறியாமையில் அவர்களுக்குள் அற்புதமான ஒற்றுமை ஏற்பட்டது. கலியாணம், காது குத்து, அத்தைக்கு முட்டிவலி எல்லாம் வந்தது. மோர் வந்தது. இன்னொரு சொம்பும் வந்தது.

ஒருவழியாக எழுந்தோம்.

“அப்ப வாரனுங்க மாமா,” என்றார் கீழூரார்.

“போயிட்டு வா மாப்ள.”

முற்றத்தைத் தாண்டினோம். தெருப்படியில் கால் வைத்தோம். நான் சைக்கிளை எடுப்பதற்கு அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டேன். கீழூரார் திரும்பினார், அப்போதுதான் ஞாபகம் வந்தது போல மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“மாமா, வெள்ளிக்கெழம வாய்க்காலுக்கு வந்துருங்க.”

பெரியவர் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கினார்.

“வராம? தலைப்புல வெட்டறதுக்கு வேற யாரு இருக்கறா?” பிறகு என்னைப் பார்த்து, “ஏனுங்க, இதுக்குத்தான் வந்தீங்களா? மொதல்லயே சொல்லியிருந்தா இந்த ரெண்டாஞ் சொம்பு மோராச்சும் மிச்சமாயிருக்குமுங்களே,” என்றார்.

அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நானும் மணியக்காரரும் போனபோது எங்களுக்கு நிற்க இடம் இல்லை. கொக்குக்கும் இல்லை. பெரியவர் தலைப்பில் முதல் மண்ணை வெட்டிப் போட்டார். கீழூரார் கூடையில் வாங்கினார். அப்புறம் மண்வெட்டிகளின் சத்தம்தான். மணியக்காரர், “எசமான் ரெண்டு வார்த்த பேசோணுமுங்க,” என்றார். நான் இடது கையைக்கூட முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை. “வெயில் ஏறுமுன்னே ஆரம்பித்தது நல்லது,” என்றேன். அந்தப் பிர்காவில் நான் ஆற்றிய மிகச் சிறந்த சொற்பொழிவு அதுதான் என்று பின்னால் பலர் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டம் போனாலும், முடிந்ததும் சைக்கிளின் பின்சக்கரத்துக் காற்றை நானே சத்தமில்லாமல் இறக்கிவிடுவது வழக்கமாயிற்று. முள்ளை எவ்வளவு நாள் நம்புவது? கொஞ்ச நாளில் ஜனங்களுக்கும் தெரிந்துவிட்டது. “சாமி காத்தப் புடுங்கிட்டாருங்க, இனி சொல்லலாமுங்க,” என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவைப்பார்.

மழை ஐப்பசி இரண்டாம் வாரம் இறங்கியது. கீழூர் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்று தகவல் வந்த பிறகு தாசில்தார் கூப்பிட்டனுப்பினார். என் உத்தியோகத்தின் கதி அந்த அறையில்தான் இருந்தது. போய் நின்றேன். உட்காரச் சொன்னார். பழக்க தோஷம், “திருச்செங்கோட்டில் மழை எப்படி சார்?” என்று ஆரம்பித்தேன்.

“மழையா? கேளும்,” என்றவர், தஞ்சாவூர் மழைக்கும் இந்த ஊர் மழைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். அவர் வீட்டுப் பசு கன்று போட்ட கதையைச் சொன்னார். மகளுக்கு ஜாதகம் வந்திருப்பதைச் சொன்னார். காப்பி வரவழைத்தார். வாய்க்காலைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. பொடி மட்டை மேசை மேலேயே மூடிக் கிடந்தது. காப்பி முடிந்தது. “சரி, வேலை இருக்குமே உமக்கு,” என்றார். எழுந்து கும்பிட்டேன். கதவு வரை நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததே இல்லை.

அரைக்கதவில் கை வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஓய், சொல்ல மறந்துட்டேனே. உம்மை அந்தப் பிர்காவிலேயே நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதி அனுப்பியாச்சு. ஆக்டிங் இனிமேல் இல்லை.”

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். மனைவி எதிரில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசினேன். தாசில்தார் வீட்டுக் கன்றைப் பற்றிப் பேசினேன். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்து எழுந்தாள். சமையலறை நிலைப்படியைத் தாண்டும்போது, “ஆமாம், மாற்றல் இல்லையாம்,” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் பின்புறத்து அவரைக் கொடியைப் பார்த்தாள்.

“அப்பன்னா பந்தலுக்கு இன்னும் நாலு கொம்பு வேணுமுங்க,” என்றாள்.